புளித்தண்ணீரில் போன யுரேனியம்

மூன்று வருட ஆராய்ச்சியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்து, அலசி, கொடியில் காயப்போட்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் என் நைனா, இன்னொருவர் என் அம்மா. ஆனால் குற்றவாளி நான்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

பழவேற்காட்டை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பம் எங்கள் ஊர். நைனாவுக்கு மீன்பிடிக்க ஒரு ஃபைபர் போட்டும், வாய்கொள்ளாத பெருமையும் உண்டு. (பெருமைக்குக் காரணம் நான். எங்கள் தெருவில் டாக்டர் பட்டத்துக்குப் படித்த முதல் ஆள். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.)

கடல் தண்ணீரில் உப்போடு உப்பாக யுரேனியமும் துளியூண்டு கரைந்திருக்கிறது. பிரித்தெடுத்தால் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள். அதை ஒட்டிப் பிடிக்கிற ஒரு நார் இழையை ஆய்வகத்தில் தயாரித்து, சடை மாதிரி பின்னி வைத்திருந்தேன். நாற்பது நாள் அந்தச் சடையைக் கடலில் தொங்கவிட வேண்டும். அதற்கு முன் இரண்டு முறை தோற்றிருந்தேன். "இந்தத் தடவையும் ஒண்ணும் வரலேன்னா தலைப்பையே மாத்திடலாம்மா" என்று என் பேராசிரியர் மேடம் சொல்லிவிட்டார். மாற்றினால் மூன்று வருடமும் காலி.

நைனாதான் தன் போட்டில் கொண்டுபோய், மிதவையும் கல்லும் கட்டி, சடையை இறக்கினார்.

"இன்னாம்மா புடிக்கப் போற இதுல?"

"யுரேனியம்."

"தூக்கும்போது கனக்குமா?"

"அது கண்ணுக்கே தெரியாது. உனக்குச் சொன்னா புரியாது, வுடு நைனா."

(அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிற வயது.) நைனா அதோடு விடவில்லை. "எம் பொண்ணு கண்ணுக்குத் தெரியாத மீன் புடிக்குது" என்று குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

நாற்பதாவது நாள், சடையை எடுப்பதை நேரில் பார்க்க மேடமே வருவதாக ஏற்பாடு. பொன்னேரிக்குப் போய் அழைத்து வந்தேன். பஸ் திருப்பாலைவனம் தாண்டியும் நான் சடைப் புராணத்தை நிறுத்தவில்லை. பாவம், அவரால் இறங்கி ஓடவும் முடியவில்லை.

வீட்டு வாசலில் நைனா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், காயவைத்த கருவாட்டுக்குப் பக்கத்தில், கொடியில் என் சடை. பளீரென்று வெள்ளை. நாற்பது நாள் கடலில் கிடந்தது பச்சையும் பழுப்புமாக அல்லவா இருக்க வேண்டும்?

"நைனா, இன்னா பண்ண?"

"மேடம் அலையில போட் ஏற மாட்டாங்கன்னு காலையிலயே போயி தூக்கியாந்துட்டேம்மா. ஒரே பாசி, பொடிச் சிப்பி, நாத்தம். வலைய அழுக்கா போட்டு வெச்சிருந்தா நம்மள எவன் மதிப்பான்? அதான் தொவச்சிட்டோம்."

"சோப்பு போட்டா?"

"சேச்சே!" என்றார் அம்மா உள்ளேயிருந்து. "சோப்பு போட்டா பாழாயிடாது? புளி கரைச்சி ஊறவெச்சேன். குத்துவிளக்கு மாதிரி ஆயிடுச்சி பாரு!"

ஒட்டிய யுரேனியத்தைப் பிரிக்க ஆய்வகத்தில் நாங்கள் ஊற்றுவது அமிலம். புளியும் அமிலம்தான்.

மேடம் மெதுவாகக் கேட்டார். "அந்தப் புளித்தண்ணி எங்கம்மா?"

"தென்னைக்கு ஊத்திட்டேன் மேடம்" என்றார் அம்மா.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க? மூணு வருஷம் போச்சே!" என்று நான் போட்ட கூச்சல் கோட்டைக்குப்பம்வரை கேட்டிருக்கும். நைனா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "கண்ணுக்குத் தெரியாதுன்னியே, அது உள்ள பத்திரமா கீதுன்னு நெனச்சேன். அழுக்கைத்தாம்மா எடுத்தேன்" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வரும்.

"இவருக்கு நீ எதுவுமே சொல்லலையா?" என்றார் மேடம்.

"புரியாதுன்னு..." என்று இழுத்தேன்.

"சொல்லாம எப்படிப் புரியும்? இன்னொரு நாப்பது நாள் தரேன். முதல்ல அவருக்குச் சொல்லு" என்றவர், அதற்குமேல் அடக்க முடியாமல் தென்னையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம்வரை மணலில் உட்கார்ந்து நைனாவுக்கும் அம்மாவுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆராய்ச்சிக் கமிட்டிகூட என்னை அத்தனை கேள்வி கேட்டதில்லை. அடுத்த சடையை இறக்கியபின் நைனா வேறு எந்தப் போட்டையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. எடுக்கிற அன்று அதில் ஒரு குட்டி நண்டு தொங்கியது. "மேடத்தைக் கேட்டுட்டு எடுக்கலாம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை யுரேனியம் வந்தது. கடுகில் கால்வாசிதான், ஆனால் பட்டத்துக்கு அது போதும்.

வாய்மொழித் தேர்வுக்கு நைனாவும் அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். "ஒட்டின யுரேனியத்தைப் பிரிக்க, எளிமையா, வீட்டுல கிடைக்கிற பொருள் ஏதாவது உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா எழுந்தே நின்றுவிட்டார். "புளித்தண்ணி சார்! நாங்களே பண்ணிக்கீறோம்."

மேடம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இப்போதும் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அம்மா அந்தத் தென்னையில் காய்த்த இரண்டு தேங்காயை என் பையில் திணிப்பார். நைனா பஸ் படிவரை தூக்கி வந்து, ஜன்னல் வழியாக ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்வார்.

"பாத்து எடுத்துனு போம்மா. உன் மூணு வருஷம் உள்ள கீது."