தாய்மாமன் சீர் உருகிய விவரம்

திண்டுக்கல்,
19-7-1964

என்மேல் எந்நாளும் பட்சம் குறையாத அண்ணன் பொன்னுத்துரை அவர்களுக்கு, தங்கை சண்முகவள்ளி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் மாப்பிள்ளை, அத்தை, பாப்பா மூவரும் பழனியாண்டவர் துணையால் சுகம். நானும் உடம்பளவில் சுகம். தாங்களும் மதினியும் பம்பாய் மழையில் நனையாமல் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பாப்பாவுக்குக் காது குத்தி நாலு வாரம் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை கார்டு எடுத்து "சீர் வந்து சேர்ந்தது" வரைக்கும் எழுதி, அதற்கடுத்த வரி வராமல் அடுப்பில் போட்டேன். இது கார்டில் அடங்காது என்று இன்று உறையே வாங்கிவிட்டேன். தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தாங்கள் ரயிலில் போட்ட பெட்டி பழுதில்லாமல் வந்தது. லீவு கிடைக்காமல், பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வர முடியாத குறைக்கு, தங்கள் பாக்டரியில் வார்த்த சாமான்களாகவே வைக்கோலில் பொதிந்து அனுப்பியிருந்தீர்கள். சிவப்பு வாளி ரெண்டு, பூப்போட்ட தட்டு ஆறு, கண்ணாடி மாதிரி டம்ளர் முப்பது, நைலான் கயிறு, பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை. ஒவ்வொன்றிலும் நூல் கட்டிப் பெயர் எழுதின அட்டை வேறு. அட்டை தொங்கினால் கடைச் சாமான் மாதிரி இருக்குமே என்று எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன். கூடவே தாங்கள் எழுதின நாலு பக்கத் தாள் இருந்தது. அண்ணா, அதை நான் படிக்கவில்லை. மதுரையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினவளுக்கு, பத்தாவதோடு நிறுத்தினவர் பிளாஸ்டிக் பாடம் எழுதுவதா என்று அன்று காலையில் ஒரு நினைப்பு ஓடியது. தாங்கள் பத்தாவதோடு நிறுத்தியது யார் படிப்பதற்காக என்ற நினைப்பு மட்டும் ஓடவில்லை. தாளை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர் புறப்பட்டது. தங்களுக்குப் பதிலாக நம் பெரியப்பா மகன் சுருளிவேல் அண்ணன்தான் தாய்மாமனாக நின்றார். மற்ற வீட்டுச் சீரென்றால் பித்தளை அண்டாவைத் தூக்கி ஆள் வியர்த்து விறுவிறுத்து வருவான். நம் சீரில் ரெண்டு வாளியையும் ரெண்டு விரலில் மாட்டிக்கொண்டு ஒரே ஆள் விசிலடித்துக்கொண்டு வந்தான். நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ராமுத்தாய் மதினி, "ஏனுங்க வள்ளி, காத்தடிச்சா உங்க அண்ணன் சீரு பறந்து போயிராதுங்களா?" என்றார். பந்தலே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நின்ற இடத்தில் பாடம் ஆரம்பித்தேன். "மதினி, இதுக்கெல்லாம் பாலிமர்னு பேரு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்குல கைகோத்து நிக்கும்" என்றேன். "கும்மி கொட்டுற மாதிரிங்களா?" என்றார். "இல்ல, ரேஷன் கடை வரிசை மாதிரி." அதோடு விட்டேனா? "வாளி பாலிதீன். போட்டாலும் உடையாது, தண்ணியில மிதக்கும். பையும் மருந்துக் குப்பியும்கூட இதுல பண்றாங்க. சுவத்துல கறுப்பா இருக்கே சுவிட்சு, அது பேக்லைட். கரண்டையும் விடாது, சூட்டுக்கும் அசையாது. அதுக்குப் போற வயர் மேல சட்டை மாதிரி மூடியிருக்கிறது பி.வி.சி. மழைக்கோட்டும் அதுலதான் தைக்கிறாங்க. நீங்க கட்டியிருக்கிற சேலை நைலான். எங்கண்ணன் அனுப்பின கயிறும் நைலான். ரெண்டும் ஒரே வம்சம்." மதினி சேலையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "அப்ப நான் கயித்தைச் சுத்திக்கிட்டு வந்திருக்கேங்கிறீங்களா?" என்றார். பாடத்தை அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

அத்தை பாயசத் தூக்கோடு வந்து, "ஏத்தா, கொதிக்கக் கொதிக்க இருக்கு. இந்த டம்ளர் தாங்குமா? நீ படிச்சவ, சொல்லு" என்று கேட்டார். பாத்திரக் கடையில் வெண்கலத்தைத் தட்டித்தானே பார்க்கிறோம்? நானும் ஒரு டம்ளரைச் சுண்டினேன். டங் என்று கணீரென்று கேட்டது. "சத்தத்தைக் கேளுங்க அத்தை, உள்ளுக்கு அம்புட்டுக் கெட்டி. தாராளமா ஊத்துங்க" என்றேன். பந்தியில் இருந்த முப்பது பேரும் ஆளுக்கொரு சுண்டு சுண்டி, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

முதலில் சுருளிவேல் அண்ணன் டம்ளர்தான் இடுப்பை வளைத்தது. அடுத்தது தோளைச் சாய்த்தது. அப்புறம் வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஏகாதசிக்குக் கண் விழித்த கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. "டம்ளர் கும்புடுதுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். பாயசம் இலையில், பாயில், சுருளிவேல் அண்ணன் கட்டியிருந்த புது வேட்டியில். யாருக்கும் கொப்பளிக்காமல் போனது என் தாலி பாக்கியம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் சொன்னதை எழுதத்தான் நாலு வாரம் ஆயிற்று. "எங்கண்ணன் மட்டச் சரக்கை அனுப்பி வச்சிருச்சு. நான் என்ன செய்ய?" என்றேன். சுருளிவேல் அண்ணன் பாயசம் சொட்டச் சொட்ட எழுந்து, "ஏத்தா வள்ளி, பொன்னுத்துரை அப்படிப்பட்ட ஆளா? பாத்துப் பேசு" என்றார். "படிச்சவ எனக்குத் தெரியாதா?" என்று அவர் வாயையும் அடைத்தேன்.

சாயங்காலம் தாளை எடுத்தேன். "வள்ளி, பிளாஸ்டிக்கில் ரெண்டு வகை. ஒன்று மெழுகு மாதிரி, சூடு பட்டால் எத்தனை தடவையும் இளகும். வாளி, டம்ளர், கயிறெல்லாம் அது. மற்றது சுட்ட மண் மாதிரி, ஒரு தடவை வெந்துவிட்டால் பிறகு குழையாது. பூப்போட்ட தட்டு மெலமின், அந்த வகை. சுடுசோறு அதில் போடலாம். டம்ளர் பாலிஸ்டைரீன், சீப்பும் பேனாவும் செய்கிற சரக்கு. மோர், பானகம் மட்டும் ஊற்று. தட்டினால் வெண்கலம் மாதிரி சத்தம் வரும். அதைக் கேட்டு ஏமாந்துவிடாதே." கடைசி வரிக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தீர்கள். எதிரே உட்கார்ந்து காதைத் திருகின மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தில், "கிலுகிலுப்பை செல்லுலாய்டு, குப்பென்று பற்றும், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே" என்று இருந்தது. பாப்பா அடுப்படியில் உட்கார்ந்து அதைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். குத்தின காதுக்கு அழாத பிள்ளை அதற்கு அழுதது. கடித்ததால் வயிற்றுக்கு ஏதும் ஆகுமா என்று மறக்காமல் எழுதுங்க. நாலு வாரமாக அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

இப்போ நெய்க்காரப்பட்டி வரைக்கும் "உருகுன சீரு"ன்னு பேராகிப்போச்சு. உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அத்தை பெருமூச்சு விட்டு எழுந்து போய்விடுகிறார். எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரலை அண்ணா. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். "அந்த மாசம் பாக்டரியில் சரக்குக் கலவை தப்பிப்போச்சு, மன்னிக்கணும்" என்று அத்தை பேருக்கு நீங்க ஒரு கடிதம் போட முடியுமா? பொய்தான். உங்க தொழில்மேல நீங்களே மண் போட்டுக்கிற மாதிரிதான்.

மதினிக்கு என் அன்பு. பெரியவர்கள் இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், முருகன்தான் முன்னும் பின்னும் நின்று காக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க யோக்கியதை இல்லாத தங்கை,
வள்ளி

பி.கு.: மேலே கேட்ட கடிதத்தை எழுத வேண்டாம். கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். இந்த வீட்டில் எந்தக் கடிதம் கண்ணில் பட்டாலும் அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் டீச்சர் வந்திருக்கிறார். பம்பாயிலிருந்து வந்த கடிதம் என்று நினைத்து அத்தை அவரிடம் நீட்ட, டீச்சர் நிறுத்தி நிதானமாக, வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டார். நான் வெளியே வந்தபோது "பொய்தான்" என்ற இடத்தில் இருந்தார்.

அத்தை திட்டவில்லை. "இம்புட்டுத்தானா? நான் உங்கண்ணனுக்கு வேலை போயிருச்சாக்கும், கஷ்டத்துல கெடச்சதை அனுப்பி வச்சாராக்கும்னு ஒரு மாசமா வெசனப்பட்டுக்கிட்டு இருக்கேன். அவருக்கு நல்லகாலம் பொறந்தா நீ பழனிக்கு நடந்து வாரேன்னு நேந்துக்கிட்டேன்" என்றார். "நானா?" என்றேன். "பின்னே? உன் அண்ணனுக்கு நானா நடப்பேன்?" "அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, அத்தை. வேண்டுதல் ரத்துதானே?" "ரத்தாக்குறதுக்கு முருகன் என்ன ரயில் டிக்கெட்டா குடுத்தாரு? வழி நெடுக நம்ம சொந்தக்காரவுக வீடுதான். ஒவ்வொரு வீட்டுலயும் செத்த நேரம் உக்காரு, தண்ணி குடி, நடந்ததைச் சொல்லு. ராமுத்தாகிட்டயும் சொல்லிட்டு பஸ்ஸுல வா. பாப்பாவை நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். முதலில் ரெட்டியார்சத்திரம், நம்ம வீடு. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். கேட்டவர்கள் யாராவது உங்களுக்கு எழுதி விசாரிப்பாங்க. தங்கச்சியை விட்டுக்குடுக்காம ஏதாவது சொல்லி மழுப்பத்தான் உங்களுக்கு மனசு வரும். வேண்டாம் அண்ணா. இந்த ஒரு தடவை விட்டுக்குடுத்துருங்க.