தொதலுக்குள் மாத்திரை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், வருகிற மேல்காற்றில் என் வீட்டு ஓடு பறந்து பாம்பனுக்கு அந்தப்பக்கம் விழட்டும். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

பெரியபட்டினம் மீரா சாகிபுவுக்கு முழங்காலிலிருந்து பாதம்வரை நரம்பு இழுக்கும். ராமநாதபுரத்து டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டால்தான் தூக்கம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அஃப்ரித்தைப் பார்க்கக் கிளம்பியபோது அந்த மாத்திரைதான் தகராறு செய்தது. மகன் இருந்த நாட்டில் அதை முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. டாக்டர் சீட்டை அனுப்பினால் தானே விண்ணப்பிப்பதாக மகன் மாதக்கணக்காகச் சொல்லிப் பார்த்தான்.

"மனுசனுக்கு விசா கேக்குறான், சரி. மாத்திரைக்கும் விசாவாடா?" என்று கேட்டு, மீரா சாகிபு சீட்டை அனுப்பவே இல்லை.

பெட்டி கட்டும்போதுதான் பயம் வந்தது. பிடிபட்டால் மகன் வேலைக்கும் உலை. விட்டுவிட்டுப் போனால் தூக்கம் போச்சு. அடுப்படியில் மனைவி உம்மு ஹபீபா மகனுக்காகத் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சுருண்டு கன்னங்கரேலென்று இறுகும் இனிப்பு. உள்ளே ஆணியைப் புதைத்தாலும் வெளியே தெரியாது.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு மாத்திரையை வைத்து அமுக்கச் சொன்னார் மீரா சாகிபு.

"இது நல்லாயில்லங்க, சொல்லிப்புட்டேன்" என்றார் உம்மு ஹபீபா. பிறகு மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் கொட்டாவி விட்டபடி ஓர் அதிகாரி தொதல் டப்பாவைத் திறந்து முகர்ந்து, அரபியில் ஏதோ கேட்டார். மீரா சாகிபு சிரித்தார். சிரித்தது போதாதென்று பட்டதால் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் அதிகாரி மென்றுகொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் கண் சொருகியது. வரிசையில் நின்றவர்கள் பார்த்திருக்க, நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார். ஒட்டகம் ஒன்று உள்ளே வந்துவிட்டதென்று காவலர்கள் தேடினார்களாம். மீரா சாகிபு டப்பாவை அணைத்தபடி, நரம்பு இழுத்ததைக்கூட மறந்து நடந்தார்.

அஃப்ரித் தங்கியிருந்த அறையில் எல்லாரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு ஷிப்ட் வேலை. கண் சிவந்து கிடந்தார்கள். ஊரிலிருந்து வரும் பெட்டி அறைக்கே பொது என்பது அங்கே சட்டம். மீரா சாகிபு தொழுதுவிட்டுத் திரும்புவதற்குள் டப்பா கைமாறிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் மகன் தலை உருளும். கெட்டுப்போன பண்டம், தின்னாதீர்கள் என்றார். கெட்டதுதானா என்று பார்க்க, அதுவரை தின்னாதவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

"கெட்டதே இம்புட்டு ருசின்னா, நல்லது எப்புடி அய்யா இருக்கும்?" என்று மாரியூர் முனியசாமி இரண்டாவதையும் எடுத்தார். அவர் கிரேன் ஓட்டுபவர். மிச்சம் யார் வாயிலும் போகக்கூடாதென்று மீரா சாகிபு வாரி வாரித் தானே தின்றார். எஞ்சிய ஒரே துண்டை முனியசாமி தலையணைக்கடியில் ஒளித்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

பேச்சு அடங்கியது. ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள்.

காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. எழுப்ப வந்த டிரைவருக்கு முனியசாமி கண்ணைத் திறக்காமலே அந்தக் கடைசித் துண்டைக் கொடுத்தார். டிரைவர் வாசலிலேயே படுத்தார். அன்று முழுக்க அந்த ஊர்க் கிரேன் அசையவில்லை. அதன் நுனியில் ஒரு கடற்காகம் கூடு கட்டி முட்டையும் இட்டது.

மீரா சாகிபு விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அஃப்ரித், கன்னத்துக்கடியில் கையை வைத்து, சின்னப் பிள்ளையில் தூங்கியதுபோலவே தூங்கிக்கொண்டிருந்தான். அலாரம் அடித்து ஓய்ந்த போன் பக்கத்தில் கிடந்தது. அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. உடனே ஊருக்குப் போன் போட்டார்.

"ஹபீபா, பெத்த புள்ளையக்கூட மயக்கிப் போட்டுட்டேன். எல்லாத்தையும் சொல்லப் போலீசுக்குப் போறேன். ஒரு துண்டுக்குள்ள எத்தன வச்ச?"



"நான் எங்கங்க வச்சேன்? புள்ள வேலைக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதேன்னு வெறுந் தொதலத்தான் கட்டிக் குடுத்தேன். மாத்திரை அம்புட்டும் இங்கன பீரோவுலதான் கெடக்கு."