அப்பாவின் வாயைக் கட்டிய கதை

நான் முதன்முதலில் வைத்தியம் பார்த்த ஆளுக்கு எந்த நோயும் கிடையாது. நான் பார்த்த பிறகுதான் வந்தது.

பிளஸ் ஒன்னில் நர்சிங் தொழிற்பிரிவில் சேர்ந்த புதிது. கருக்களாச்சேரி கடற்கரையில் மீன் ஏலம் விடும் என் அப்பாவுக்கு அது பிடிக்கவேயில்லை. “காமர்ஸுக்கு மாறிடு பாப்பா. நம்ம தொழிலுக்கு ஒதவும்” என்று தினமும் நச்சரிப்பு. எனக்கோ அந்த வெள்ளைச் சீருடை மேல் உயிர். (தைத்து வேறு வாங்கியாகிவிட்டது!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம் வைத்தார். “எனக்கு ஒரு கட்டுப் போடு. சாயந்தரம் வரைக்கும் அவுழாம இருந்தா நீ நர்ஸு. அவுந்தா நாளைக்கே காமர்ஸு.”

அந்த வாரம்தான் டீச்சர் தாடை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார். தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சு. என் எதிர்காலத்தையே அந்த முடிச்சில் வைத்து இறுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் போட் வந்துவிட்டது. ஏலத்தில் கத்தினால் கட்டு தானாக நெகிழும் என்று அப்பா குஷியாகக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். போய் நின்று வாயைத் திறந்தால், “ம்ம்ம்ம்!” வியாபாரிகள் விழித்தார்கள். நான் பெருமையில் பூரித்துப்போனேன். (லூசு!)

அப்பா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவிழ்க்கச் சொல்கிறார் என்று இப்போது புரிகிறது. ஏலம் விடச் சொல்கிறார் என்றுதான் அப்போது புரிந்தது. ஒரு மீன்காரம்மா முதலில் கேட்ட விலைக்கே, “ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்!” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். வஞ்சிரம் நெத்திலி விலைக்குப் போனது. அந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

அப்பா இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு குதித்தார். இழுக்க இழுக்க அது இறுகியது. “ஐயையோ, வலிப்பு! சாவியக் கையில குடுங்கடா!” என்று யாரோ அலற, நாலு பேர் அவரை மணலில் சாய்த்தார்கள். சாவிக்கொத்து போதாதென்று ஒருவர் நங்கூரத்தையே இழுத்து வந்தார்.

அங்கேதான் என் படிப்பு விழித்துக்கொண்டது. “யாரும் எதுவும் குடுக்காதீங்க! தள்ளி நில்லுங்க! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!” நான் போட்ட சத்தத்தில் நங்கூரம் கீழே விழுந்தது. துளியும் வலிப்பில்லாத அப்பாவை அழகாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

மீன் வெட்டும் அக்கா வந்து கட்டை அறுத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவுக்குடி வுட்ட?”

சொன்னேன். மறுபடியும் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காமர்ஸ்தான் என்று அழுதுகொண்டே பையை எடுத்தேன். அப்பா தடுத்தார். “வேணாம் பாப்பா. ஒனக்கு யாவாரம் வராது. கட்டு நல்லா வருது. நர்ஸாவே இரு.”

இப்போது காரைக்காலில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டில் அப்பா சத்தம் போட்டால் அம்மா, “பாப்பாவக் கட்டுத்துணியோட வரச் சொல்லவா?” என்பாள். போன வாரம் காலில் முள் குத்தி அப்பா எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். என்னைக் கண்டதும் காலைக் காட்டவில்லை, முதலில் தாடையைப் பொத்திக்கொண்டார்.