விற்றமின் அண்ணையின் கஞ்சிச் சண்டைகள்

நயினாதீவில் விற்றமின் அண்ணையிடம் ஏச்சு வாங்காத அடுப்பே கிடையாது. தெற்கில் மருந்துக்கடை வைத்திருந்தவர். வாயைத் திறந்தால் விற்றமின் சத்துப் பேச்சுத்தான், பெயரும் அதுவாயிற்று. 1983 கலவரத்தில் கடை எரிந்துபோக, மிஞ்சிய சில மருத்துவப் புத்தகங்களோடும் குறையாத கோபத்தோடும் ஊர் திரும்பினார்.

1985இல் ஒரு கலியாண வீடு. வீட்டுக்குச் சிவப்பரிசி, சபைக்கு வெள்ளையரிசி என்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வெள்ளையரிசியையும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கஞ்சியை வடித்து வளவுக்குள் வாழையடியில் ஊற்றினால்தான் சோறு பூப்போல உதிரும். சம்பந்தி வீட்டார் மெச்சுவார்கள். கஞ்சி வடிக்கும் நேரம் பார்த்து அண்ணை பெரிய சோற்றுக் கிடாரத்தின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“ஊத்தாதையுங்கோ! ஊரின்ர மூளை முழுக்க வாழையடிக்குப் போகுது!”

“விலகுங்கோ அண்ணை, சுடப்போகுது” என்றார் சமையல்காரர்.

“சுடட்டும்! கஞ்சியில போற பி-வண் விற்றமின் இல்லாட்டி மூளைக் கலம், அதுதான் செல், பட்டினி. உள்ளுக்கிருக்கிற ஜீன் எண்டுற பரம்பரை அலகெல்லாம் குழம்பிப்போகும். அடங்கிக் கிடக்கவேண்டியது எழும்பும், வேலை செய்யவேண்டியது படுத்திடும். கடைசியில கலம் தனக்குத்தானே சாவுக் கட்டளை போடும். விளங்குதோ?”

“விளங்குது. உங்களுக்கு அந்தக் கட்டளை எப்பவோ போட்டாச்சுப் போல கிடக்கு.”

பந்தலே சிரித்தது. அண்ணை சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் ஒரு செம்பு கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

1990இல் நாட்டில் சண்டை மீண்டும் மூண்டது. தீவுக்கு வரும் வள்ளங்கள் ஒழுங்காக ஓடவில்லை. நிவாரணமாக வந்தது நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி. அண்ணையிடம் மிச்சமிருந்த சிவப்பரிசியும் பயறும் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளுக்குப் போயின. கொடுத்த விதமும் ஏச்சுத்தான்.

“இந்தாரும் பிள்ளை. இது உமக்கில்லை, உம்மட குழந்தையின்ர மூளைக்கு!”

அவருக்கோ வெள்ளைச் சோறும் வெறுந் தேநீரும். பழைய வயிற்றுப்புண் வேறு. தின்றதெல்லாம் வாந்தியாகப் போனது. சில வாரங்களில் கால் தள்ளாடியது. ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

“விற்றமினுக்கு வெறி ஏறிட்டுது” என்று சந்தியில் சிரித்தார்கள். கள்ளை மணந்தும் பார்க்காத மனிதர்!

“வெறியில்லையடா, மடையங்களே! பி-வண் முடிஞ்சுது. ஊசியைப் போடுங்கோ!” என்று அவரே கத்தினார்.

தீவில் அந்த ஊசி இல்லை. கைக்குள் அடங்கும் மலிவான குப்பி அது. அதையும் சோதனைச் சாவடியில் மறித்து, கிளறி, திருப்பி அனுப்பினார்கள். மருந்தை மறித்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒருவழியாக ஊசி வந்தபோது கால் தள்ளாடாமல் ஊன்றியது, பார்வை நேரானது. செத்த கலங்கள் மட்டும் திரும்பவில்லை. பழைய கதையெல்லாம் நினைவிருந்தது. சற்றுமுன் நடந்தது மனதில் நிற்கவில்லை.

நான் தினமும் போய்வந்தேன்.

“அட, நீரோ! இவ்வளவு நாளும் எங்கை போனனீர்? ஒரு மனிசன் கிடக்கிறான், எட்டிப் பாக்க ஏலாதோ?”

நான் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பினாலும் அதே ஏச்சுத்தான், அதே சூட்டோடு. ஒவ்வொரு முறையும் “பிழைதான் அண்ணை” என்று சொல்லி, அப்போதுதான் வந்தவனைப் போலக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.