பதினேழில் நின்ற குலுக்கு மெஷின்

தோலில் உப்பு இருக்கும், கெட்டுப்போகாமலிருக்க. பதனிடுவதற்கு முன் அந்த உப்பு போக வேண்டும். இந்த இரண்டிலும் ஆம்பூர் வட்டாரத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் அரசாங்கம் வந்து சேர்ந்துகொண்டது.

முன்பெல்லாம் பூங்காவனமும் அவளோடு வேலை பார்த்த பெண்களும் தோலைத் தரையில் அடித்து உதறுவார்கள். உப்பு கொட்டும், தும்மல் வரும், பொழுது போகும். அப்புறம் தோல் கம்பெனி மேனேஜர் நந்தகோபால் அரசு மானியத்தில் ஒரு குலுக்கு மெஷின் வாங்கினார். வாய்க்கால் மாதிரி நீளமான இரும்புத் தட்டு, ஸ்பிரிங் மேல் நின்று நடுங்கும். ஒரு முனையில் தோலைப் போட்டால் அது தத்தித் தத்தி மறுமுனைக்குத் தானே போகும். போகிற வழியில் உப்பு ஓட்டைகள் வழியாகக் கீழே கொட்டிவிடும். மெஷின் வந்த கையோடு பூங்காவனம் கோஷ்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மெஷினுக்கு மூளை என்று ஒரு பெட்டி இருந்தது. அதைப் பொருத்தியவள் அம்பிகா, குடியாத்தத்துப் பெண், ஒப்பந்த டெக்னீஷியன். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கை போதும், நேரம் தப்பினால் பயில்வானுக்கும் மூச்சு வாங்கும். மெஷினுக்கும் அப்படி ஒரு சொந்த ஆட்டம் உண்டு, தோல் கனத்தால் ஆட்டம் குறையும், லேசானால் கூடும், பெட்டி அதைத் தேடிப் பிடித்து அதற்குத் தக்கபடி தள்ளும் என்று அவள் எல்லோருக்கும் விளக்கினாள். நந்தகோபாலுக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிக்கு மரியாதை செய்யும் விதமாக, மெஷினுக்கு அனுமதி வந்த மறுநாளே அவளை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்தார். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதனால் அனுமதிக்காக அந்த ஷெட்டில் மெஷினைவிட அதிகமாக நடுங்கியது அவள்தான்.

அனுமதி தர வேண்டியவர் அதிர்வு ஒழுங்குமுறைக் கிளை அலுவலர் திரு. புகழேந்தி. நேர்மையான மனிதர். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து, கம்பெனி டீயைத் தொடாமல் தன் பிளாஸ்க்கிலிருந்தே குடித்தார். சோதனைக்காகக் கொஞ்சம் தோலைப் போட்டு மெஷினை ஓட்டிக் காட்டினாள் அம்பிகா.

“இதோட அதிர்வு எண் என்ன?”

“ஆட்டுத்தோல் போட்டா செகண்டுக்குப் பத்தொம்பது ஆட்டம் வரும் சார். மாட்டுத்தோல்னா பதினஞ்சு. உப்பு கொட்டக் கொட்ட கொஞ்சம் ஏறும்.”

“நான் ஆட்டைப் பத்திக் கேக்கலம்மா. மெஷினைப் பத்திக் கேட்டேன்.”

“மெஷினோடதுதான் சார். அது மாறிக்கிட்டே இருக்கும்.”

“யார் உத்தரவுல மாறுது?”

“அதுவே மாத்திக்குது சார்.”

புகழேந்தி பிளாஸ்க்கை மூடினார். மேலிடத்தைக் கேளாமல் தானாக முடிவெடுக்கும் எதையும் தம் பணிக்காலத்தில் அவர் சந்தித்ததில்லை. விதிப்படி ஒரு மெஷினுக்கு ஒரு எண். அந்த நிமிஷம் திரையில் பதினேழு இருந்தது. ஆகவே பதினேழு. மஞ்சள் பெயிண்ட் வரவழைத்து மெஷினின் விலாவில் பெரிதாக எழுதவும் வைத்தார். மறுபடி வரும்போதும் பதினேழாக இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் ஷெட்டுக்கு சீல் என்று சொல்லி ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

பெட்டியை அணைத்துவிட்டு மெஷினைப் பதினேழில் பூட்டிவிடலாம் என்றாள் அம்பிகா. நந்தகோபால் பதறிப்போனார். மானியமே அந்தப் பெட்டிக்காகத்தான். அணைத்தால் மானிய விதிமீறல். அணைக்காவிட்டால் எண் மாறும், அது அதிர்வு விதிமீறல். இரண்டு விதிக்கும் ஒருசேர மரியாதை செய்ய வேண்டுமானால் தட்டின் மேல் கனம் மாறவே கூடாது. கனம் மாறாமலிருக்கப் புதுத் தோல் போடக் கூடாது. போட்ட தோல் மறுமுனையில் வந்து விழுந்தால், தூக்கி வந்து பழையபடி முதல் முனையில் போட வேண்டும். உதிர்ந்த உப்பை அள்ளி அதன் மேலேயே தூவ வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டுமே. பூங்காவனம் கோஷ்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பூங்காவனம் ஒரு சுற்று உப்பு போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “இன்னா பாப்பா இது? அது உப்ப எடுக்குது, நாங்க உப்ப போடறோம். இதுல எதுதான் கம்பெனி வேலை?”

“ரெண்டும்தாங்க்கா.”

“அப்ப நடுவுல இந்தத் தோலுக்கு இன்னா வேலை?”

அம்பிகா திரையில் பதினேழைச் சரிபார்த்துக்கொண்டாள். ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை.

புகழேந்தி மறுபடி வந்து திரையைப் பார்த்தார். பதினேழு. இப்படிச் சொன்ன சொல் தவறாத ஒரு இயந்திரத்தை இதுவரை கண்டதில்லை என்று பாராட்டி அனுமதி வழங்கினார். நந்தகோபாலும் வாக்குத் தவறவில்லை. ‘மேற்படி எண் மேற்படி மெஷினில் நிலைத்திருக்கும் காலம்வரை’ அம்பிகா நிரந்தர ஊழியர் என்று உத்தரவு போட்டார். வெளிநாட்டு ஆர்டருக்கான தோலைப் பின்கட்டில் வைத்துப் பழையபடி தரையில் அடித்து உதறினார்கள். அதற்கு அனுமதி தேவைப்படவில்லை. அங்கே மெஷின் இல்லையே. அதற்கும் ஆள் எடுத்தார்கள். எந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்று பேசியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

கம்பெனிக்குச் சிறந்த தானியங்கி ஆலை என்று கேடயம் வந்தது. அதன்பின் பதினேழு தொற்றுநோய் மாதிரிப் பரவியது. வாணியம்பாடியிலிருந்து ஆட்கள் வண்டி பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கம்பெனியில் மெஷினே வாங்காமல் சுவரில் மஞ்சள் பெயிண்டில் பதினேழு எழுதிக்கொண்டார்கள், செலவு கம்மி. ஏலகிரியில் ஒரு ரிசார்ட், பதினேழு அதிர்வுத் தியானம் என்று போர்டு வைத்தது. நடுங்கும் கட்டிலில் படுத்துவிட்டு வந்தவர்கள், கவலையெல்லாம் உப்பாக உதிர்ந்துவிட்டது என்றார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனதும் அதை யார் திரும்பத் தூவினார்கள் என்பது தெரியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் புகழேந்தி வந்தார். கையில் தலைமை அலுவலகத்தின் புது உத்தரவு. ஷெட் நடுவில் நின்று உரக்கப் படித்தார். ஆய்வுக்குழு தீர ஆராய்ந்ததில், அதிர்வு எண் மாறுவதே இவ்வகை மெஷினின் இயல்பு என்று தெரியவந்துள்ளது. இனி மெஷின்கள் தமக்குரிய எண்ணைத் தாமே தேடிக்கொள்ளலாம்.

அம்பிகா முதலிலிருந்து சொல்லிவந்தது அதைத்தான். ஆனால் யாரும் கைதட்டவில்லை.

பூங்காவனம் கைநிறைய உப்போடு நின்றாள். “அப்ப இந்த உப்பு சார்?”

“இனிமே தேவையில்லம்மா.”

“நாங்க?”

அதைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை; புகழேந்தி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எல்லோரும் அம்பிகாவைப் பார்த்தார்கள். அவள் மஞ்சள் பெயிண்டைப் பார்த்தாள். எண் நிலைத்திருக்கும் காலம்வரை.

“சார், இத இன்னிக்கே அமல்படுத்தணுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

புகழேந்தியும் அந்தப் பதினேழையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் இஷ்டத்துக்கு மாறலாம் என்றால், மாறாத எண்ணைச் சரிபார்க்க ஒரு கிளை அலுவலகமும் அதற்கு ஒரு அலுவலரும் எதற்கு என்று ரயிலில் வரும்போதே அவருக்குத் தோன்றியிருந்தது.

“இன்னா அவசரம்?” என்றார். அவர் பணியில் சேர்ந்த பிறகு அலுவல் நேரத்தில் ‘இன்னா’ சொன்னது அதுதான் முதல் தடவை.

நந்தகோபால் டீ சொன்னார். புகழேந்தி மறுக்கவில்லை. கிளாஸ் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் உத்தரவை அருகில் தட்டிலிருந்த தோலின் மேல் வைத்தார். அது தோலோடு சேர்ந்து தத்தித் தத்திப் போனது. திரையில் எண் ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டுப் பதினேழில் வந்து நின்றது. யாருக்கும் அந்த உத்தரவை எடுக்கத் தோன்றவில்லை. தள்ளும் நேரமும் ஆடும் நேரமும் இப்படிப் பொருந்தி அம்பிகா பார்த்ததே இல்லை; மெஷின் அன்றைக்குத்தான் மிகக் குறைந்த கரண்டில் ஓடியது.

மறுமுனையில் வந்து விழுந்த உத்தரவைப் பூங்காவனம் தோலோடு சேர்த்துத் தூக்கி வந்து முதல் முனையில் போட்டாள். கை வழக்கப்படி காகிதத்தின் மேலும் ஒரு பிடி உப்பு தூவினாள்.

“இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே போடுக்கா,” என்றாள் அம்பிகா. “உப்பு கம்மியானா கெட்டுப்போய்டும்.”