இஞ்சி வினிகர் சட்டி செய்த வேலை

அன்பு மகன் ஆ-ஹோங்குக்கு, குவாங்சோவிலிருந்து அப்பா மோக் காம்-சுன் எழுதிக்கொள்வது. ஹார்பின் குளிரில் நீயும் மருமகள் யூட்-மெய்யும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம். கொஞ்சம் அதிகப்படியான சுகம். ஒரு வாரமாகக் கால்சட்டைப் பித்தான் மாட்ட முடியவில்லை. அம்மா இன்னும் ஃபோஷானில் உன் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். சனிக்கிழமை திரும்புகிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன் மகனுக்கு முப்பதாம் நாள் விருந்து. சந்தின் பதினான்கு குடும்பங்களும் வருகின்றன. பதறாதே. உனக்கு மகன் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். அம்மா ஊருக்குப் போன மறுநாளே எனக்கு நாக்கு நமநமவென்றது. பன்றிக்கால் இஞ்சி வினிகர். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கு வைத்ததில் பாதியை நான்தான் தின்று தீர்த்தேன். அன்றிலிருந்து கேட்டபோதெல்லாம், "அது புள்ள பெத்தவ சாப்பிடுறது. நீங்க என்னத்தப் பெத்தீங்க?" என்றே வாயை அடைத்துவிடுவாள். ஆள் இல்லாத வீடு, கேட்பாரில்லை என்று பெரிய மண்சட்டியை இறக்கினேன். இஞ்சியைத் தோல் சீவி, வெறும் சட்டியில் வாட்டி, இனிப்புக் கறுப்பு வினிகரை ஊற்றி, பன்றிக்கால்களையும் அவித்த முட்டை இருபதையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். ஜன்னலை மூடத் தோன்றவில்லை. அந்த வாசனை ஒரு வீட்டிலிருந்து வந்தால் பிரசவச் செய்தி என்று அர்த்தம், பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் தாத்தா வீட்டில் சட்டி வைத்துச் சந்துக்கே பங்கு கொடுப்பார்கள் என்பதெல்லாம் பசியில் எனக்கு மறந்தே போயிற்று. முதல் முட்டையை முழுசாக வாயில் போட்ட நேரம், எதிர்வீட்டு லாவ் மாமி கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறாள்.

"என்ன மோக் அண்ணே, ஒரு வார்த்த சொல்லலியே! ஆம்பளப் புள்ளதானே?"

தொண்டையில் முட்டை அடைத்துக்கொண்டது, தலை தானாக ஆடியது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன், சத்தியமாக. நான் விழுங்கி முடிப்பதற்குள் அவள் நான்காவது வீட்டில் இருந்தாள்.

அரை மணி நேரத்தில் சட்டி காலி. வாங்கித் தின்றுவிட்டுச் சும்மா இருப்பது நம்மவர்களுக்கு வழக்கமில்லையே, மறுநாளிலிருந்து பதில் மரியாதை தொடங்கியது. ஒருத்தி அரிசி மதுவில் வேகவைத்த கோழி கொண்டுவந்தாள், இன்னொருத்தி கறுப்பு எள் கஞ்சி கொண்டுவந்தாள். இனிப்புக்கடை குவான் தினமும், இரட்டை ஆடை படிய ஆவியில் வேகவைத்த பால் இனிப்பைச் சுடச்சுட நீட்டினான். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கதவைத் திறப்பேன். மூடியைத் திறந்து காட்டுவார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

"பேரன் யாரு சாயல்?" என்று குவான் கேட்டான்.

"மூக்கு என்னோடது."

"ஐயோ பாவம். சரி விடுங்க, வளர்ந்தா சரியாயிடும்."

தீனிக்காக மட்டும் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்காதே, மகனே. போன முறை நீங்கள் புத்தாண்டுக்கு வந்தபோது சந்தில் ஒரு வாசல் விடாமல், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று யூட்-மெய்யைக் கேட்டார்கள். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டு வருஷமாக நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த ஒரு மாதமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "புள்ள பெத்த பொண்ணு, வேளைக்குச் சாப்பிடுறாளா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே இந்த விரைவுத் தபால் கிடைத்ததும் புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது வந்து சேருங்கள். சந்துக்காரர்கள் முழுப் பன்றி வறுக்கச் சொல்லிவிட்டார்கள். விருந்தில் பங்கிடும் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியதில் என் பத்து விரல்களும் சிவந்து கிடக்கின்றன. உன் ரயில்வே நண்பர்கள் யாராவது கைக்குழந்தையை ஒரு வாரம் இரவல் தருவார்களா என்று விசாரி. மூக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். கிடைக்காவிட்டால் நீங்கள் இருவர் வந்தாலே போதும். எல்லார் முன்னாலும் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது உன் அம்மா பக்கத்தில் நான் மட்டும் தனியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் இருவர் கிண்ணத்திலும் சோறு ஆறாமல் இருக்கட்டும். போர்வை விலகாமல் தூங்குங்கள்.

உன் அப்பா,
மோக் காம்-சுன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். யூட்-மெய்க்கு இரண்டு மாதம்! வாசலிலேயே நின்று அழுதேன். தபால்காரர் பயந்துபோய் என்னைத் தாங்கிப் பிடித்தார், அவருக்கு ஒரு கிண்ணம் எள் கஞ்சி கொடுத்தேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வராதீர்கள். அவள் ரயிலில் குலுங்கக் கூடாது. அம்மாவை நானே சமாளித்துக்கொள்கிறேன். சட்டியில் ஊற்றியதுபோக ஜாடியில் மிச்சமிருக்கும் வினிகரை மூடி வைத்திருக்கிறேன், ஏழு மாதத்தில் இன்னும் ருசி ஏறும். "மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுப்பா, வழக்கம் தெரியும்ல?" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாதா, மகனே? அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று ஒருவரிடமும் நான் மூச்சு விடவில்லை. பிரசவம் ஆகிவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.