ஏழரைக்கு முன்னம் வருகிறவர்

மூன்றாவது தடவையும் பெரிய மெஷின் விழுந்தது. திரை கறுத்து, உள்ளே சுழன்ற காற்றாடி ஓய்ந்து, அறையில் நஸ்ரியின் பெருமூச்சு மட்டும் மிஞ்சியது. காலை ஆறே முக்கால்தான் ஆகியிருந்தது.

உள்துறைமுகக் கரையிலிருந்த அந்த மீன் ஏற்றுமதிக் கம்பனியில் நஸ்ரி கொம்பியூட்டர் பார்ப்பவன். ஆறு வருடமாகத் தற்காலிகம். தோப்பூரில் மாமனார் மூத்த மருமகனைப் பற்றிக் கேட்டால் உத்தியோகத்தின் பெயரை முழுதாகச் சொல்வார். இவனைப் பற்றிக் கேட்டால் "ஹார்பர் பக்கம் ஏதோ" என்று சொல்லி, மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்ப்பார். மாதக் கடைசியில் கொழும்புத் தலைமை அலுவலகம் ஆட்களை நிரந்தரமாக்கப்போகிறது என்று மனேஜர் இராகுலன் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். நஸ்ரிக்கு இரண்டே நிபந்தனை. மெஷின் விழாமல் ஓடவேண்டும். அந்த மாதம் ஒழுங்காக வேலைக்கு வந்திருக்கவேண்டும். இரண்டாவதைப் பற்றி அவன் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

இந்தத் தலையிடியை விலைக்கு வாங்கியவனும் அவனேதான். பழைய கொம்பியூட்டர்கள் ஐந்தையும் தூக்கிவிட்டு, ஒரே ஒரு பெரிய மெஷினை வாங்கி, அதற்குள் ஐந்து விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது தனிப் பெட்டி இல்லாத ஐந்து கொம்பியூட்டர்களை, ஓட்டலாம் என்று யோசனை சொன்னான். நான்கு சமர்த்தாகக் குடியேறின. ஐந்தாவது, வேலையாட்களின் கைரேகை வரவைப் பதிகிற மெஷின். கேற்றில் எல்லோரும் விரல் வைக்கிற பெட்டி ஒரு பழைய கார்ட் வழியாகத்தான் பேசும். அந்தக் கார்ட்டைப் பெரிய மெஷினிடமிருந்து பிடுங்கி, உள்ளே இருக்கும் விர்ச்சுவல் மெஷினின் கையில் கொடுக்கவேண்டும். கொடுத்த கணமே பெரிய மெஷின் விழும். கூடவே மற்ற நான்கும் விழும்.

காரணம் பிடிபட இரண்டு நாள் சென்றது. அந்தக் கார்ட்டும் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்கிற சிப்பும் ஒரே குழுவில் இருந்தன. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் சேர்ந்து போகும். பின்னறையை வாடகைக்கு விட்டவன் குசினியையும் வாசற்கதவைப் பூட்டுகிற திறப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு முற்றத்தில் நிற்பதுபோல, பெரிய மெஷின் தன் சொந்த டிஸ்க்கைப் பறிகொடுத்துவிட்டு நின்றது.

எட்டு மணிக்கு அலுவலகம் தொடங்கமுன் விழுத்தவேண்டியதை விழுத்தி எழுப்பவேண்டியதை எழுப்பிவிட வேண்டும். அதனால் நஸ்ரி கிண்ணியாவிலிருந்து விடிய வெளிக்கிட்டு, பாலம் தாண்டி, ஆறு மணிக்குக் கேற்றில் நிற்பான். காவலாளி மூத்ததம்பி "வாங்கோ மெஷின் தம்பி" என்று ஒரு கொப்பியில் ஏதோ கிறுக்கிவிட்டுச் சின்னக் கதவைத் திறந்துவிடுவார். நல்ல மனிதர். ஒரு நாளும் காக்க வைத்ததில்லை.

கைரேகைப் பெட்டி படுத்துக் கிடந்ததால், ஆளணிப் பிரிவு அம்ரா ஏழரைக்குக் கேற்றடியில் கதிரை போட்டு ஒரு கையெழுத்துப் புத்தகத்தை விரித்து வைத்தாள். முதல் நாளே இவனிடமும் கொண்டு வந்தாள்.

"நானா, நீங்களும் ஒரு சைன் வைங்க."

"நான் திருத்துற மெஷின் ஓடாதெண்டு நானே சைன் வைக்கவா? ஓடட்டும் தங்கச்சி. முதல் விரல் என்ட விரல்தான்."

இரண்டாம் நாளும் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. அவளுக்கும் ரோசம் இருக்கும்தானே.

நஸ்ரி கார்ட்டைக் கழற்றி வேறு துளையில் செருகினான். இப்போது டிஸ்க் தப்பியது, நெற்வேர்க் போனது. ஐஸ் அறையின் குளிர் எத்தனை பாகை என்று மேசையிலிருந்தே பார்த்துப் பழகிய இராகுலன், ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. தும்மிக்கொண்டு வந்து நஸ்ரியை ஒரு பார்வை பார்த்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

பிறகு இணையத்தில் முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்த ஒரு வரியைப் போட்டான். ஒன்றாக இருப்பவற்றைப் பிரிந்திருப்பதாக மெஷினை நம்ப வைக்கும் வரி அது. மெஷினும் நம்பியது. கேற்றுப் பெட்டியை இன்னும் திறந்துவிடாமல், சோதனையாக இரண்டு நாள் ஓடியது. அந்தச் சந்தோசத்தில், கரண்ட் போய் வந்தாலும் கைரேகை மெஷின் தானாக எழும்பட்டும் என்று ஓர் ஏற்பாட்டையும் செய்து வைத்தான். எல்லாம் தானாக நடக்கவேண்டும் என்பது அவனுடைய வியாதி. மூன்றாம் நாள் பொய் வெளுத்து மெஷின் விழுந்தது. எழுப்பினான். எழும்பிய கையோடு கைரேகை மெஷின் தானாக எழும்பி, கார்ட்டைப் பிடித்து, எல்லாவற்றையும் மறுபடி விழுத்தியது. எழும்புவதும் விழுவதுமாக அன்று மத்தியானம் வரை போனது. கப்பலேற்றும் பத்திரங்களை அம்ரா கையால் எழுதினாள்.

இப்படிப் பத்தொன்பது வேலைநாள். சனிக்கிழமையும் வந்தான். பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் போகவில்லை. மனைவி ரிஸ்லா கோபிக்கவுமில்லை. "லெட்டர் கிடைச்சா வாப்பா வாய் திறக்கமாட்டார்" என்று அவளும் நிரந்தரமாக்கும் அந்தக் கடிதத்தையே எதிர்பார்த்திருந்தாள்.

இருபதாம் நாள் வழி வெளித்தது. படம் காட்டும் கார்ட் இருந்த துளை மட்டும் எவரோடும் சேராமல் தனிக் குழுவாக இருந்தது. படக் கார்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கார்ட்டை அதில் செருகினான். பெரிய மெஷின் அதைத் தொடாமலேயே எழும்பும்படி செய்தான். திரை கறுத்துப் பெரிய மெஷினுக்கு இனிப் பார்வை இல்லை, ஆனால் விழவில்லை. நான்கு நாள் விழவில்லை. அந்த இருபதாம் நாளே, சொன்னபடி முதல் விரல் அவன் விரல். பெட்டி "நன்றி" என்றது. அந்த மாதம் அவனுக்கு நன்றி சொன்னது அது ஒன்றுதான்.

கடைசி வேலையாக, வரவு அறிக்கை தினமும் ஒன்பது மணிக்குத் தானாகக் கொழும்புக்குப் போகும்படி செய்தான்.

அடுத்த நாள் ஒன்பதேகாலுக்கு இராகுலன் கூப்பிட்டார். அறிக்கை ஒழுங்காகப் போயிருந்தது. மெஷின் கிடந்த நாட்களுக்கு அம்ரா புத்தகத்தைப் பார்த்து எல்லோர் வரவையும் ஏற்றியிருந்தாள். நஸ்ரியின் பெயருக்கு எதிரே, பத்தொன்பது நாள் வரவில்லை.

நஸ்ரி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"சேர், நீங்க கண்டீங்கதானே?"

"என்ர கண்ணால கண்டனான். கொழும்புக்கு என்ர கண் மட்டும் காணாது. எழுத்தில வேணும், வந்த நேரத்தோட. பத்து மணிக்குள்ள. அதோட நிரந்தரமாக்கிற லிஸ்ட்டை மூடுறாங்கள்."

தேத்தண்ணீர் வாங்க வந்து வாசலில் நின்ற மூத்ததம்பி தொண்டையைச் செருமினார்.

"எழுத்திலயோ? என்னட்ட இருக்கு சேர். வந்த நேரம், போன நேரம், ஒரு நாளும் பிசகேல்ல."

நஸ்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டான். கொப்பி வந்தது. பத்து மணிக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது. வாசித்துப் பார்க்க யாருக்கு நேரம்? அம்ரா பத்தொன்பது பக்கங்களையும் படமெடுத்தாள். இராகுலன் ஆள் பெயரே வராத தன் வழக்கமான அலுவலகப் பாசையில் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'தினமும் காலை ஆறு மணிக்கு வருகை தந்து மெஷின் திருத்தப்பட்டமைக்கான ஆதாரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.' அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் நஸ்ரி ஆசையோடு கொப்பியைப் புரட்டினான். பெயர்: மெஷின் தம்பி. வந்த காரணம்: மெஷின் திருத்த. மட்டையைத் திருப்பினான். 'வெளியாட்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அண்ணை, என்னை ஏன் இதில எழுதினீங்க?"

"ஏழரைக்கு முன்னம் வாறவை எல்லாரும் வெளியாள்தான் தம்பி. அது கேற்றின்ர சட்டம். அம்ரா பிள்ளையின்ர புத்தகத்தில சைன் வைச்சிருந்தா நான் இதை வெட்டியிருப்பன்."

இராகுலன் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அம்ராவின் மேசையில் பதில் வந்த சத்தம் கேட்டது. அவள் ஒருமுறை மனதுக்குள் வாசித்தாள். பிறகு நஸ்ரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வெளியாள் ஒருத்தர் வந்தே இவ்வளவு வடிவாத் திருத்துறார் எண்டா, வேலைக்கே வராத நஸ்ரி நமக்கு எதுக்கெண்டு கேட்டிருக்காங்க, சேர்."